வஸீலிமா என்றால் என்ன அர்த்தம்

— "மனிதன் முதன்முதலாகக் கடலைக் கடந்தபோது, இருளில், தூரத்துக் கரையில் தெரிந்த ஒற்றை வெளிச்சத்துக்கு அவன் வைத்த பெயர் வஸீலிமா. மொழிகளுக்கெல்லாம் மூத்த ஒரு மொழியின் கடைசி மூச்சு அது. அந்த மூச்சைத்தான் இன்று எங்கள் மகளுக்குப் பெயராகச் சூட்டுகிறோம்." இந்த இடத்துல கொஞ்சம் நிறுத்துவேன்க்கா. கைதட்டுவாங்க இல்ல, அதுக்கு இடம் விடணும்.

— தாராளமா விடு. அந்த மெழுகு மேல மட்டும் கையை வைக்காத. காலையில இருந்து உட்கார்ந்து ஒவ்வொரு பல்லா நட்டிருக்கேன்.

— நீ கேட்டியா இல்லையா?

— கேட்டேன்டா தம்பி. கடல், வெளிச்சம், மூச்சு. பேர் என்ன சொன்னே?

— வஸீலிமா.

— இன்னொரு தடவை சொல்லு.

— வ-ஸீ-லி-மா. பார்த்தியா, உனக்கே திரும்பக் கேட்கத் தோணுது! அதோட ஆழம் அப்படி.

— குழந்தை பிறந்ததுல இருந்து யாருக்கும் சொல்லாம மூடி மூடி வச்சிருந்தியே, அது இதுதானா?

— இதுவேதான். சாயங்காலம் விருந்துல வெளியிடறோம். வீட்டுல அவளுக்கும் எங்க மாமனாருக்கும் மட்டும்தான் தெரியும். நீ கூடப்பிறந்தவளாச்சேன்னு முன்கூட்டியே சொல்றேன். உலகத்துலயே இந்தப் பேர் வேற யாருக்கும் கிடையாதுக்கா. தேடாத இடம் இல்லை.

— கிடைச்சிருக்காதே.

— ஏன் சிரிக்கறே?

— சிரிக்கலை. பாலிஷ் தூசு மூக்குல ஏறிடுச்சு.

— நல்லாவே சிரிக்கறே.

— டேய், அது அப்பா செஞ்ச வார்த்தைடா.

— எந்த அப்பா?

— உனக்கு எத்தனை அப்பா? இதே பட்டறையில, இதே நாற்காலியில கிழவங்களை உட்கார வச்சு, பல்செட்டை மாட்டிவிட்டு, "எங்கே, வஸீலிமா சொல்லுங்க"ன்னுவாரே, அவர்தான். 'வ'வுக்குக் கீழ் உதடு மேல் பல்லைத் தொடணும். 'ஸீ'க்குப் பல்லிடுக்குல காத்து அளவாப் போகணும், விசில் அடிக்கக் கூடாது. 'லி'க்கு நாக்கு அண்ணத்தைத் தட்டணும். 'மா'வுக்கு ரெண்டு உதடும் ஒட்டித் திறக்கணும். நாலும் ஒழுங்கா வந்தா செட்டு சரி. இல்லேன்னா கழட்டி ராவணும்.

— விளையாடாதக்கா.

— எனக்கென்ன விளையாட்டு? இன்னிக்கு வரைக்கும் நானும் அதைத்தான் சொல்லச் சொல்றேன். நேத்து தையல்கடைக்காரர் சொல்லிட்டுப் போனார். தண்ணி லாரிக்காரரோட மாமியார் சொன்னாங்க. எனக்குத் தெரிஞ்சு, உன் மகள் பேர் படாத வாயே இந்தத் தெருவுல இல்லை.

— இது எனக்குக் கனவுல வந்த பேருக்கா!

— சரி, எப்படி வந்துது? சொல்லு.

— பிரசவத்துக்கு முந்தின வாரம். அரைத்தூக்கம். எதிரே ஒரு தடுப்புச் சுவர். அதுக்கு அந்தப் பக்கத்துல இருந்து குரல்கள். எல்லாமே வயசான குரல். மூதாதைகள் மாதிரி. ஒருத்தர் மாத்தி ஒருத்தரா, நடுங்கி நடுங்கி, "வஸீலிமா… வஸீலிமா…" இப்பச் சொல்லும்போதே புல்லரிக்குது பாரு, கையைப் பாரு.

— அந்தத் தடுப்பு பச்சைக் கலரா?

— …ஆமா.

— இதோ நிக்குது. இப்பதான் வெள்ளை அடிச்சேன். இதுக்கு அந்தப் பக்கம் பாய் போட்டு, மத்தியானம் மத்தியானம் உன்னைத் தூங்க வைப்பாங்க. மூதாதைங்க எல்லாம் இந்தப் பக்கம் பெஞ்சுல வரிசையா உட்கார்ந்திருப்பாங்க.

— அதுல சில குரல் அழுதுதுக்கா! அவ்வளவு உருக்கமா!

— ஈறுல குத்தினா அழத்தான் செய்வாங்க.

— எல்லாத்துக்கும் பின்னால ஒரு பெரிய குரல். கட்டளை மாதிரி. "இன்னொரு முறை… இன்னொரு முறை…"

— அது அப்பா.

— கடைசியில அந்தக் குரல் "துப்புங்க"ன்னுச்சு. அதுக்கு மட்டும்தான் எனக்கு விளக்கம் கிடைக்கலை.

— இப்பக் கிடைச்சுதா? உட்காரு. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உட்காரு. தண்ணி குடிக்கறியா?

— வேண்டாம். அப்ப நான் சொல்ற அர்த்தம்?

— அதை என்கிட்ட கேட்டா? நீ அதை எங்கிருந்து எடுத்தே?

— எடுக்கலை. உணர்ந்தேன்.

— எங்கே வச்சு உணர்ந்தே?

— ஆபீஸ்ல.

— அதானே பார்த்தேன். சாக்கடையோரம் நாலு மாடி கட்டினவனுக்கு "நீரோசை இல்லம்"னு பேர் வச்சு விளம்பரம் எழுதிக் குடுத்தவன் இல்லையா நீ? குடிவந்தவங்க இன்னும் ஜன்னலைத் திறக்கலை.

— அது தொழில். இது என் மகள்.

— அங்கேயாவது சாக்கடைன்னு ஒண்ணு நிஜமா ஓடுது. இங்க கடலும் இல்லை, கப்பலும் இல்லை.

— அப்பாவாவது ஏதாவது ஒரு மொழியில இருந்துதானேக்கா எடுத்திருப்பார்? சும்மா வருமா ஒரு வார்த்தை? ஏதாவது ஒரு சின்ன அர்த்தம் இருந்தாக்கூடப் போதும், அதை வச்சு நான் கட்டிக்கிட்டுப் போயிடுவேன்.

— அர்த்தம் இருக்கவே கூடாதுன்னுதான் செஞ்சார். முதல்ல "அம்மா" சொல்லுங்கன்னார். பாதிப் பேர் கண்ணுல தண்ணி. மூக்கை உறிஞ்சி உறிஞ்சி செட்டோட பொருத்தமே போச்சு. அப்புறம் "வணக்கம்" சொல்லச் சொன்னார். ஒரு கட்சிக்காரர் அதோட நிறுத்தலை, "தலைவர் அவர்களே"ன்னு ஆரம்பிச்சு, அடுத்த ஆள் வாய்க்குள்ள பிளாஸ்டர் காயற வரைக்கும் பேசிட்டுப் போனார். சரின்னு ஊர்ப் பேரைச் சொல்லச் சொன்னார். ஊர்ல இருக்கற நில வழக்கைச் சொன்னாங்க. எதைச் சொன்னாலும் கிழவங்களுக்கு அதுல ஒரு கதை இருக்கு. வெறுத்துப் போயி, எந்த மனுஷனுக்கும் எதுவும் ஞாபகம் வராத, தலையும் வாலும் இல்லாத ஒரு சத்தத்தை உட்கார்ந்து செஞ்சார். அதைத்தான் நீ மொழிக்கெல்லாம் மூத்த மொழிங்கறே.

— மெதுவாப் பேசேன்க்கா. வெளியில கேட்டா நான் செத்தேன்.

— யாருக்குக் கேட்கப் போகுது? எதிர்வீட்டு வாத்தியார் போன மாசம் இங்கேயே உட்கார்ந்து சொன்னவர்தான்.

— அவரை விருந்துக்குக் கூப்பிட்டிருக்கேனே!

— அவரை மட்டுமா? நம்ம பக்கத்துச் சொந்தம் பூரா வருதில்ல? பெரியப்பா, பெரியம்மா, ரெண்டு சித்தப்பா, ஒன்றுவிட்ட அத்தைமாருங்க? எல்லா வாயும் அப்பா வாய், இல்லேன்னா என் வாய். மைக்குல "வஸீலிமா"ன்னு சொன்ன உடனே முன்வரிசை பழக்கதோஷத்துல திருப்பிச் சொல்லும் பாரு. சொல்லிட்டு ஈன்னு காட்டும். அதுக்கும் கொஞ்சம் இடம் விட்டுக்கோ.

— அக்கா, நீ ஒரு உதவி பண்ணு. நாளையில இருந்து வார்த்தையை மாத்திடு.

— எதுக்கு? நானா அது பின்னால போனேன்? உன் மகள்தான் வந்து ஒட்டிக்கிட்டா. நீ மாத்து.

— முடியாது. உண்மை தெரிஞ்சா அவ என்னைத் தொலைச்சுடுவா.

— யாரு, உன் பொண்டாட்டியா? அவளும் சரின்னுதானே சொன்னா?

— எங்கே சொன்னா? குழந்தை பிறந்த அன்னிக்கே, "எங்கம்மா பேர்தான், வேற பேச்சு கிடையாது"ன்னுட்டா. அத்தை போயி இன்னும் வருஷம் திரும்பலை. தினமும் அழுகை. நானும் எடுத்துச் சொன்னேன், கரை, வெளிச்சம், எல்லாம். "எங்கம்மாவுக்குக் கடலே பிடிக்காது"ன்னுட்டா. கடைசியில, "எங்கப்பா வாயால இந்தப் பேரை நல்லாயிருக்குன்னு சொல்லட்டும், நான் விட்டுடறேன்"னா. அவர் பொண்டாட்டி பேராச்சே, எப்படிச் சொல்லுவார்னு அவளுக்கு நம்பிக்கை.

— சொன்னாராக்கும்?

— அதான்க்கா அதிசயம்! மாமா கூடத்துல உட்கார்ந்திருந்தார். போயி பேரைச் சொன்னேன். அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தார். தானா ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். இன்னொரு தடவை சொன்னார். கண்ணு கலங்கிடுச்சு. துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டார். "மாப்பிள்ளை, இதுதான் பேர்"னுட்டார். கட்டினவ பேரையே விட்டுக்குடுத்தார்னா, என் அர்த்தம் அந்த மனுஷனை எந்த அளவுக்கு உலுக்கியிருக்கும்னு யோசி!

— அவர் மகள் என்ன சொன்னா?

— அவ அம்மா புடவையை மடிச்சு, குழந்தைக்கு அடியில விரிச்சா. அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா.

— ம்.

— சாயங்காலம் மாமாதான் மைக் பிடிச்சு முதல்ல பேரைச் சொல்றார். அது மட்டும் அவரே கேட்டு வாங்கிக்கிட்டார். வாழ்நாள் பூரா ரயில் ஸ்டேஷன்ல அறிவிப்பு சொன்ன குரல்க்கா. அந்தக் குரல்ல "வஸீலிமா"ன்னா…

— பிளாட்பார நம்பரையும் சேர்த்துச் சொல்லிடுவாரா?

— உனக்கு எல்லாமே கேலி.

— இல்லைடா. இப்பக் கேலி பண்ணலை. நேரா வீட்டுக்குப் போ. அவகிட்ட உட்கார்ந்து உள்ளதைச் சொல்லு. அவ கேட்டது அவ அம்மா பேரை. நீ குடுத்தது பல்செட்டு மாட்டிப் பார்க்கற சத்தத்தை. அதுவும் கப்பல் படம் ஒட்டி.

— கப்பல் படம் நிஜமாவே ஒட்டியாச்சுக்கா. ஹால் சுவர் பூராவும். அடியில அர்த்தம், தங்கக் கலர்ல.

— கிழி.

— மாமா என்ன நினைப்பார்? அந்த அர்த்தத்தை நம்பித்தானே அவர்…

— சரி, அப்புறமாப் பேசிக்கலாம், இப்ப எழுந்திரு. எனக்கு ஒருத்தர் வர்ற நேரம்.

— யாரு?

— யார் வாய்க்குள்ள என்ன இருக்குன்னு நான் வெளியில சொல்றதில்லை. பின்வாசல் வழியா வர்றவர். முன்வாசல் வழியா நீ போயிடு.

— முதல்ல யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

— போடான்னா.

— சத்தியம் பண்ணு, போறேன்.

— கவனிக்கவும்… பின்கதவு திறந்தே இருக்கேம்மா. உள்ளே வேற ஆள் யாரும் இல்லையே?

— வாங்க மாமா. இருக்காங்க.

— மாமா!

— மாப்பிள்ளையா! நீங்க எங்கே… இங்கே?

— நான்… அக்காவை விருந்துக்குக் கூப்பிட வந்தேன். நீங்க?

— நானும் அதே காரணத்துக்காகத்தான். சம்பந்தி வீட்டு முறைன்னு ஒண்ணு இருக்கில்லையா.

— பின்வாசல் வழியாவா மாமா?

— முன்பக்கம் வெயில் மாப்பிள்ளை.

— மாமா, நாற்காலியில உட்காருங்க. அவன் ஒண்ணும் அந்நியன் இல்லை.

— ஏம்மா, ஒரு உயிருக்கும் தெரியாதுன்னு சொன்னியே!

— நான் எதுவும் சொல்லலை மாமா. நீங்களேதான் வந்ததுல இருந்து வாயைப் பொத்திக்கிட்டே பேசறீங்க.

— மாமா… உங்களுக்குப் பல்செட்டா?

— மேல் வரிசை மட்டும், மாப்பிள்ளை. கீழ் வரிசை எல்லாம் சொந்தம்.

— ஐயோ, நான் ஊர் பூரா சொல்லிக்கிட்டுத் திரியறேனே, இந்த வயசுல எங்க மாமாவுக்கு ஒரு பல் ஆடலைன்னு!

— ஆடாதுடா. ஏன்னா அது நான் செஞ்சது. இந்தக் கையில இருந்து போன செட்டு எதுவும் இன்னி வரைக்கும் யாருக்கும் விழுந்ததில்லை. அப்பாகூட ரெண்டு மூணு விட்டிருக்கார். நான் விட்டதில்லை.

— மாப்பிள்ளை, ஒரு வேண்டுகோள். என் மகளுக்கு இது தெரியாது. தெரியவும் வேண்டாம். அறிவிப்புக்காரன் வாயில இருக்கறது பொய்ப்பல்லுன்னு தெரிஞ்சா, அவன் சொன்ன ரயில் வந்துதா இல்லையான்னே சந்தேகம் வந்துடும்.

— நான் ஏன் மாமா சொல்லப் போறேன்.

— அம்மாடி, சுருக்கமா முடிச்சுடு. சாயங்காலம் மைக் பிடிக்கணும். கொஞ்சம் இறுக்கிக் குடு, போதும்.

— எதுக்கு இறுக்கணும்? வாயைத் திறங்க… நல்லாத்தானே உட்கார்ந்திருக்கு. ஈறுல புண்ணும் இல்லை. எங்கே, வழக்கமான வார்த்தையைச் சொல்லுங்க.

— அக்கா, வேண்டாம்!

— ஏன்டா?

— வேற ஏதாவது சொல்லச் சொல்லுக்கா. "கதவு", "நாற்காலி", எதையாவது.

— இந்தப் பட்டறையில வேற வார்த்தை கிடையாது. சொல்லுங்க மாமா.

— வஸீலிமா.

— பாரு, எப்படி நிக்குதுன்னு. ஆணி அடிச்ச மாதிரி. இன்னொரு தடவை.

— வஸீலிமா.

— விசில் உண்டா? ஆட்டம் உண்டா? இதுக்கு மேல இறுக்கினா தாடை வலிக்கும் மாமா.

— மாமா… அப்ப உங்களுக்கு இந்தப் பேர்… முன்னாடியே தெரியுமா?

— தெரியாம எப்படி மாப்பிள்ளை? செட்டு வாங்கின அன்னிக்கு இதே நாற்காலியில வாய் வலிக்க வலிக்கச் சொன்னதாச்சே. நீங்க கூடத்துல வந்து நின்னு, மூத்த மொழி, முதல் வெளிச்சம்னு ஆரம்பிச்சீங்க. வீட்டு மாப்பிள்ளை பேசும்போது குறுக்கிடக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டு இருந்தேன்.

— கண்ணு கலங்குச்சே மாமா! துண்டால முகத்தைப் பொத்திக்கிட்டீங்களே!

— சிரிப்பை அடக்கினேன்.

— அவனைப் பிடிங்க மாமா, அவன் உட்கார்ற ஸ்டூல் ஆடும்.

— தப்பா எடுத்துக்காதீங்க மாப்பிள்ளை. சொன்ன விதம் நல்லாத்தான் இருந்துது. அந்தக் கப்பல் கரைக்கு வர்ற இடத்துல நானே ஒரு நிமிஷம் நம்பிட்டேன்.

— எல்லாம் தெரிஞ்சும் ஏன் மாமா சரின்னீங்க? நீங்க ஒரு வார்த்தை வேண்டாம்னு சொல்லியிருந்தா அத்தை பேரே வச்சிருப்போமே.

— காலம்ங்கறது மாப்பிள்ளை, ஒரு விரைவு வண்டி. எல்லா ஸ்டேஷன்லயும் நிக்காது. போன பெட்டியையே பார்த்துக்கிட்டு நாம பிளாட்பாரத்துல நின்னோம்னா…

— மாமா, வண்டியை நிறுத்துங்க. உங்க மகள் அம்மா புடவையை விரிச்சுட்டு அழுதுக்கிட்டுப் படுத்திருக்கா.

— தெரியும்மா.

— இப்ப ஒண்ணும் கெட்டுப் போகலை. சாயங்காலம் மைக்குல நீங்க அத்தை பேரைச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா சொன்னதுதான். இவன் குறுக்க ஒரு வார்த்தை பேச மாட்டான். பேசுவியாடா?

— மாட்டேன்க்கா. இப்பவே போயி சுவர்ல இருக்கறதைக் கிழிக்கறேன். கப்பல், கரை எல்லாத்தையும். மாமா, நீங்க அத்தை பேரையே சொல்லிடுங்க. அவளுக்கு அதுதான் வேணும். எனக்கும் இனிமே அந்த வார்த்தையைச் சொல்லும்போதெல்லாம் யாரோ துப்பற மாதிரியே இருக்கும்.

— முடியாது மாப்பிள்ளை.

— ஏன் மாமா?

— முடியாதுன்னா விடுங்களேன்.

— அத்தை மேல ஏதாவது கோபமா மாமா?

— அவ மேல என்னம்மா கோபம்? கடைசி வண்டி போனதுக்கு அப்புறம், நான் திரும்பி வர்ற வரைக்கும் சாப்பிடாம உட்கார்ந்திருந்தவ.

— அப்ப வேற என்னதான் தடை?

— சத்தமாச் சொல்ல முடியலைம்மா. வீட்டுல, ஆள் இல்லாத நேரத்துல, கண்ணாடி முன்னால நின்னு சொல்லிப் பார்த்தேன். முடியலை.

— எனக்குப் புரியுது மாமா. பேரைச் சொன்ன உடனே பழசெல்லாம் பொங்கி வந்து தொண்டையை அடைச்சுடுது. அதோட ஆழம் அப்படி. அத்தனை பேருக்கு முன்னால அதைச் சொல்றது…

— தொண்டை இல்லை மாப்பிள்ளை.

— பின்ன என்ன மாமா? என்கிட்ட சொல்றதுக்கு என்ன?

— அம்மாடி, நீ செஞ்சு குடுத்த செட்டு, அவ பேரைச் சொன்னா கழண்டு கீழே விழுது.